உதவித்தொகைக் கடிதம்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் உதவித்தொகைக்கு எழுதும் கடிதங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது எனக்குப் பழகிய வேலை. நல்ல மதிப்பெண் இருக்கும், தேவையும் உண்மையாக இருக்கும், உழைப்புக்கும் குறைவிருக்காது. கடிதத்தைப் படித்தால் மட்டும் அந்தப் பிள்ளை அதில் இருக்க மாட்டாள்.

இதற்கு ஒரு காரணம் எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுத்த கடிதம் விடுப்பு விண்ணப்பம். வீட்டில் பார்த்து வளர்ந்த கடிதம் மனு. திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகத்துக்குக் குறைதீர்க்கும் நாளன்று போய்ப் பாருங்கள், வருகிற எல்லோர் கையிலும் அது இருக்கும். கஷ்டத்தைச் சொல்லி நடவடிக்கை கேட்பது மனுவின் வேலை. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது. உதவித்தொகைத் தேர்வுக் குழுவின் மேசையில் நிலைமை வேறு. வருமான வரம்புக்குள் வந்த எல்லோருக்குமே அங்கே கஷ்டம் உண்டு. இந்தப் பணம் கிடைத்தால் இந்த மாணவர் என்ன செய்வார், செய்வார் என்று எதை வைத்து நம்புவது, இந்த இரண்டையும்தான் குழு தேடுகிறது. கீழே சொல்லப்போகும் பழுதுகளில் பெரும்பாலானவை மனுவின் வடிவத்தில் கடிதம் எழுதுவதால் வருபவை.

உங்கள் கடிதத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

விண்ணப்பித்தேன், ஒரு தகவலும் இல்லை

கடிதத்தில் கைவைப்பதற்கு முன்னால், நீங்கள் விண்ணப்பித்த திட்டத்தில் கடிதத்தை யாராவது படிக்கிறார்களா என்று பாருங்கள். தேசிய உதவித்தொகை இணையதளம் வழியாகப் போகும் மத்திய அரசுத் திட்டங்கள், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, தமிழ்நாட்டின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன், முதல் பட்டதாரி கட்டணச் சலுகை போன்றவற்றில் தேர்வைக் கடிதம் முடிவுசெய்வதில்லை. சான்றிதழும் படிப்பும் விதிக்குப் பொருந்துகின்றனவா என்றுதான் பார்ப்பார்கள். அங்கே தாமதம் என்றால், விண்ணப்ப எண்ணைப் போட்டு உள்ளே நுழைந்து நிலையைப் பாருங்கள். கல்லூரிப் பொறுப்பாளர் சரிபார்க்காமலே வைத்திருக்கலாம். குறை சுட்டித் திருப்பி அனுப்பியிருக்கலாம், அதைத் திருத்த ஒரு கடைசித் தேதியும் ஓடிக்கொண்டிருக்கலாம். வங்கிக் கணக்கோடு ஆதார் இணையாமல் இருக்கலாம். வருமானச் சான்றிதழின் காலம் முடிந்திருக்கலாம். இந்தப் பழுதுகளுக்குக் கடிதத்தில் மருந்து கிடையாது.

கடிதம் உண்மையாகவே படிக்கப்படும் இடங்கள் வேறு. தனியார் அறக்கட்டளைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டுப் படிப்புக்கான உதவித்தொகைகள். இனி வருவதெல்லாம் அவற்றுக்கு.

பெயரை மறைத்தால் யார் எழுதியது என்று தெரியவில்லை

இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள். கடிதத்தில் உங்கள் பெயர், கல்லூரிப் பெயர் இரண்டையும் விரலால் மறைத்துக்கொண்டு, உங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவள் பெயரைப் போட்டாலும் அந்தக் கடிதம் பொருந்துகிறதா? பொருந்தினால் அது இன்னும் உங்கள் கடிதம் ஆகவில்லை.

"எனக்குச் சிறுவயதிலிருந்தே படிப்பில் ஆர்வம் அதிகம்", "சமுதாயத்துக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்", "கடின உழைப்பாளி" போன்ற வாக்கியங்கள் பொய்யில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடியவை என்பதால் குழுவின் மனதில் எதுவும் தங்குவதில்லை. அவற்றை அடித்துவிட்டால் பாதிப் பக்கம் காலியாகும். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள். பதில் அவர்கள் வாயிலேயே இருக்கும், எழுதும்போது மட்டும் வராது. வேதியியல் இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியோடு நான் பேசியது இப்படிப் போனது:

"பணம் கிடைச்சா என்னம்மா பண்ணுவ?"

"ஃபீஸ் கட்டுவேன் மேடம்."

"இப்போ ஃபீஸ் எப்படிக் கட்டுற?"

"மத்தியானத்துக்கு மேல ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போறேன் மேடம். விடறதுக்கு ஒன்பதரை ஆயிடும்."

"அந்த வேலைக்குப் போக வேண்டாம்னா அந்த நேரத்துல என்ன செய்வ?"

கொஞ்சம் யோசித்தாள். "லேப்ல இருப்பேன் மேடம். எங்க ஊர் சிப்காட் பக்கம். கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்கும். டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்னு சார் சொன்னாரு. மூணு மணிக்கு மேலதான் லேப் காலியா இருக்கும், அப்போ நான் கடையில இருப்பேன்."

அவள் கொண்டுவந்த கடிதத்தில் சிப்காட் இல்லை, கிணறு இல்லை, ஆய்வகம் இல்லை. "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கி "தயவுகூர்ந்து" என்று முடிந்திருந்தது. பேசியதை அப்படியே எழுதவைத்தேன். வந்த பத்தி இது:

"எங்கள் வீடு கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் உள்ள கிணறுகளின் நீரைக் கல்லூரி ஆய்வகத்தில் சோதிக்க எங்கள் துறை ஆசிரியர் அனுமதி தந்திருக்கிறார். ஆய்வகம் பிற்பகல் 3 மணிக்கு மேல் கிடைக்கும். அந்த நேரத்தில் நான் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், அந்தச் சம்பளத்தில்தான் கட்டணம் கட்டுகிறேன். உதவித்தொகை கிடைத்தால் கடை வேலையை விட்டுவிட்டு இந்தச் சோதனையை இறுதியாண்டுத் திட்டப்பணியாக முடிப்பேன்."

அலங்காரச் சொல் ஒன்றுகூட இதில் இல்லை. ஊர் இருக்கிறது, நேரம் இருக்கிறது, செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதற்குப் பணம் எப்படி உதவும் என்பது தானாகவே தெரிகிறது. இந்தக் கடிதத்தில் வேறு யார் பெயரையும் போட முடியாது.

நீங்களும் இதையே செய்து பாருங்கள். எழுதுவதற்கு முன் யாரையாவது உட்காரவைத்து "பணம் வந்தால் என்ன மாறும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். உங்கள் முதல் பதில் எல்லோரும் சொல்லும் பதிலாகத்தான் இருக்கும். மூன்றாவது, நான்காவது கேள்விக்கு வரும் பதிலை எழுதிக்கொள்ளுங்கள். செல்போனில் பதிவு செய்துகொண்டால் இன்னும் நல்லது.

படித்தவர்கள் வருத்தப்படுகிறார்கள், தேர்வு செய்வதில்லை

கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்று சில பேர் அறிவுரை சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. தேவையைப் பார்த்துத் தரும் உதவித்தொகையில் கஷ்டத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அளவும் துல்லியமும்தான் கவனிக்க வேண்டியவை. "மிகவும் ஏழ்மையான குடும்பம்", "சொல்ல முடியாத துன்பம்" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் தெரியாது. உங்கள் வீட்டில் பணம் எப்படி வருகிறது, எங்கே நிற்கிறது என்று சொன்னால் தெரியும்.

தேவனாம்பட்டினத்தில் விசைப்படகுக்குப் போகும் ஒருவரின் மகள் என்று வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் படகு கடலுக்குப் போகாது, அப்பாவுக்குப் பங்கு கிடையாது. கல்லூரிக் கட்டணம் கேட்கும் நேரமும் ஜூன்தான். அவள் இப்படி எழுதலாம்: "என் தந்தை விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அவருக்குத் தொழில் இல்லை. கல்லூரிக் கட்டணம் ஜூனில் வருகிறது. கடந்த 2 ஆண்டுகளும் அம்மாவின் நகையை அடகு வைத்துக் கட்டினோம்." மும்பையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து படிக்கிறவருக்கும் இது உடனே புரியும். வறுமை என்ற சொல்லே இதில் வரவில்லை.

அடுத்த வாக்கியம் இதைவிட முக்கியம். அந்தச் சூழலுக்குள் நீங்கள் செய்தது என்ன? "தடைக்கால மாதங்களில் தெருவில் உள்ள 8 பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். என் தேர்வுக் கட்டணம் அதில் கட்டியது." கஷ்டத்துக்கு மூன்று வரி, அதற்குள் செய்ததற்கு ஐந்து வரி. நான் திருத்தும்போது இந்தக் கணக்கைப் பிடிவாதமாகப் பார்ப்பேன்.

நம் பகுதிக் கடிதங்களில் புயலும் வெள்ளமும் நிறைய வரும். வரத்தான் செய்யும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. 2015 மழை, 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல், அதையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் என்று நம் பிள்ளைகளின் வளர்ப்பிலேயே இவை கலந்திருக்கின்றன. இரண்டு விஷயம் மட்டும் பாருங்கள். வெளியூர்க்காரர் "தானே" என்று படித்தால் மும்பைக்குப் பக்கத்தில் உள்ள ஊரை நினைத்துக்கொள்வார். "2011இல் கடலூர்க் கடற்கரையைத் தாக்கிய தானே புயல்" என்று முழுதாக எழுதுங்கள். அப்புறம், புயலின் பெயரோடு நிறுத்தாமல் உங்கள் வீட்டில் அது செய்ததைச் சொல்லுங்கள். சாய்ந்த முந்திரிக்குப் பதில் நட்ட கன்று பலன் தரச் சில ஆண்டுகள் ஆகும், அந்த ஆண்டுகளில் வீடு எதை வைத்து ஓடியது? அது உங்களுக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இல்லாத கஷ்டத்தைச் சேர்க்காதீர்கள். சில அறக்கட்டளைகள் வீட்டுக்கே ஆள் அனுப்பிப் பார்க்கும். அவர்கள் வராவிட்டாலும், உண்மையாகவே தேவைப்படும் இன்னொரு பிள்ளையின் இடம் அது.

முதல் பத்தியில் ஒன்றுமே இல்லை

பொன்மொழியில் தொடங்கினால் அந்தப் பொன்மொழி சொன்னவர்தான் நினைவில் நிற்பார். "இக்கடிதம் தங்களை நல்ல நலத்துடன் சந்திக்கும் என நம்புகிறேன்" என்பதும் வேண்டாம். முதல் இரண்டு வாக்கியத்துக்குள் நீங்கள் யார், எங்கே என்ன படிக்கிறீர்கள், எந்த உதவித்தொகை, எதற்காக என்பது வந்துவிட வேண்டும்.

"அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தில் எம்.எஸ்சி. முதலாண்டு படிக்கிறேன். வெள்ளாற்று முகத்துவாரத்தில் நண்டு இனங்களைக் கணக்கெடுக்கும் களப்பணியை இரண்டாம் ஆண்டில் முடிக்க உங்கள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறேன்." இவ்வளவுதான்.

எவ்வளவு பணம், எதற்கு என்று புரியவில்லை

இதை எழுதக் கூச்சப்படுகிறார்கள். பணம் தருகிறவர் பணத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் விரும்புவார். ஓர் எடுத்துக்காட்டு:

"இந்த ஆண்டுச் செலவு: கட்டணம் 42,000, பேருந்து 9,000, புத்தகமும் தேர்வுக் கட்டணமும் 6,000, மொத்தம் 57,000 ரூபாய். குடும்பத்தால் 25,000 முடியும். வேறொரு உதவித்தொகையில் 12,000 வருகிறது. பற்றாக்குறை 20,000."

கடைசித் தொகை தெளிவாக இருக்க வேண்டும். கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்கும், அங்கிருந்து மாறிக் காலாப்பட்டுக்கும் போகிற மாணவர் விடுதிச் செலவு இல்லை என்பதால் தன் செலவு குறைவு என்று நினைத்துப் பயணச் செலவை விட்டுவிடுவார். அதையும் எழுதுங்கள், தினம் சாலையில் போகும் நேரத்தையும் ஒரு வரி சொல்லுங்கள்.

வேறு உதவித்தொகை வாங்குவதை மறைக்கவே மறைக்காதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு வாங்கக் கூடாது என்று சில இடங்களில் விதி இருக்கும், பின்னால் தெரிந்தால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். சொல்லிவிட்டால், மீதிப் பற்றாக்குறைக்குத் தரலாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள்.

அரியர் இருக்கிறது, சொல்வதா விடுவதா

மதிப்பெண் பட்டியல் கேட்கும் இடத்தில் அவர்களே பார்த்துவிடுவார்கள். அதனால் சொல்லிவிடுவதே நல்லது. மூன்று வாக்கியம் போதும்: என்ன நடந்தது, என்ன மாற்றினீர்கள், இப்போது எப்படி இருக்கிறது. "மூன்றாம் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழுந்தது. தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து ஆங்கிலத்தில் பாடம் கேட்டதில் பின்தங்கினேன். சீனியர் ஒருவரோடு வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து படித்து அடுத்த முறையே தேறினேன்." பேராசிரியர் சரியாக நடத்தவில்லை, கேள்வித்தாள் கடினம் என்பது உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை.

மதிப்பெண் நன்றாக இருக்கிறவர்களுக்கு: பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாச் சதவீதத்தையும் கடிதத்தில் அடுக்காதீர்கள். அது தன்விவரக் குறிப்பில் இருக்கிறது.

எல்லா இடத்துக்கும் ஒரே கடிதம் போகிறது

இதன் மோசமான வடிவம், ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பும் கடிதத்தில் இன்னோர் அறக்கட்டளையின் பெயர் இருப்பது. அதை ஒருமுறை தேடிப் பார்த்துத் தீர்த்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத வடிவம்தான் அதிகத் தொல்லை தருவது. ஒவ்வொரு உதவித்தொகையும் ஒரு நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டது, உங்கள் கடிதம் அந்த நோக்கத்தைத் தொடாமலே போய்விடும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர்கள் இதில் அதிகம் சிக்குகிறார்கள். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை தலைமைப் பண்பு, மக்களோடு தொடர்பு ஏற்படுத்தும் திறன், படிப்புக்குப் பிந்தைய திட்டம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டுரையாகக் கேட்கிறது. 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்து முடித்து 2 ஆண்டாவது சொந்த நாட்டில் இருக்க வேண்டும். குடும்ப நிலையை விவரிக்கும் கடிதம் அங்கே கேள்விக்குப் பதிலாகாது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) வளரும் நாடுகளுக்காக நடத்தும் எபோஸ் திட்டமும் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டுப் பணி அனுபவம் கேட்கும். ஊருக்குத் திரும்பி எந்தப் பிரச்சினையில் வேலை செய்வீர்கள் என்பதுதான் அதற்கு எழுதும் கடிதத்தின் மையம். பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸில் அந்தப் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்கு நேரடியாக எழுதுகிறீர்கள், ஆகவே ஏன் அந்த நாடுகளில், அந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த பிள்ளைகள் பலர் பிரான்ஸின் ஐஃபெல் உதவித்தொகையைக் கேள்விப்பட்டு நேராக எழுதப் பார்க்கிறார்கள். அதற்கு மாணவர் தானே விண்ணப்பிக்க முடியாது. அங்குள்ள கல்வி நிறுவனம்தான் உங்களை முன்மொழியும். எனவே உங்கள் கடிதம் போக வேண்டிய இடம் அந்த நிறுவனம், அதுவும் அந்த நிறுவனம் தனக்கென்று சொல்லும் கடைசித் தேதிக்குள். 1892இல் தொடங்கிய ஜே.என். டாடா அறநிதி தருவது கடன் உதவித்தொகை, திருப்பிக் கட்ட வேண்டியது. அங்கே படிப்பின் தகுதியோடு, படித்தபின் எப்படித் திருப்புவீர்கள் என்பதும் பேசப்பட வேண்டும்.

சரிசெய்யும் முறை எளிது. அவர்கள் அறிவிப்பில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்று சொற்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு செயலை எழுதுங்கள். எதிரே எழுத எதுவும் இல்லை என்றால் அந்த உதவித்தொகை உங்களுக்கானதா என்று இன்னொரு முறை யோசிக்கலாம். நடுப்பத்திகள் எல்லாக் கடிதத்திலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம், முதல் பத்தியும் கடைசிப் பத்தியும் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதப்பட வேண்டும்.

ஆங்கிலம் கனமாக இருக்கிறது, நேர்காணலில் திணறுகிறேன்

"எஸ்டீம்ட் ஆர்கனைசேஷன்", "ஐ ஹம்பிளி ரிக்வெஸ்ட் யுவர் குட் செல்ஃப்", "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்". இவை மனுவின் ஆங்கில வடிவம். பிரவுசிங் சென்டரில் வைத்திருக்கும் மாதிரிக் கடிதத்திலிருந்தும் வரும், இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதிக் கொடுப்பதிலிருந்தும் வரும். செயலி எழுதுவதில் இலக்கணப் பிழை இருக்காது. கிணற்று நீரின் வாடையும் இருக்காது, ஏனென்றால் அதை நீங்கள் அதற்குச் சொல்லவில்லை.

நான் சொல்லும் வழி: முதலில் தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதும்போது எது உண்மை, எது ஒப்புக்குச் சொன்னது என்று உங்களுக்கே உறைக்கும். பிறகு ஒரு செய்திக்கு ஒரு வாக்கியமாக, தெரிந்த சின்னச் சொற்களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். இலக்கணத்தைத் திருத்த ஆசிரியரிடமோ செயலியிடமோ கொடுக்கலாம், புதுச் செய்தியைச் சேர்க்கவிடாதீர்கள். முடித்ததும் உரக்கப் படியுங்கள். நீங்கள் பேச்சில் ஒருநாளும் பயன்படுத்தாத சொல் எங்கே வருகிறதோ அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தைப் பற்றியும் நேர்காணலில் இரண்டு நிமிடம் பேச முடிய வேண்டும். முடியாதவற்றை எடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதலாம் என்று அறிவித்திருக்கும் இடத்தில் தமிழிலேயே எழுதுங்கள். தயங்க வேண்டாம்.

சான்றிதழ் ஒன்று சொல்கிறது, கடிதம் வேறு சொல்கிறது

நல்ல கடிதங்கள் அநியாயமாக அடிபடும் இடம் இது. கடிதத்தில் "மாத வருமானம் 9,000" என்று இருக்கும். வட்டாட்சியர் தந்த சான்றிதழில் ஆண்டுக்கு 72,000 என்று இருக்கும். பன்னிரண்டால் பெருக்கினால் 1,08,000. பொய் சொல்கிறார் என்று குழு நினைத்தால் அதைக் குறை சொல்ல முடியாது. சான்றிதழில் உள்ள எண்ணையே கடிதத்திலும் எழுதுங்கள். உண்மை நிலை மாறியிருந்தால் புதுச் சான்றிதழ் வாங்குங்கள்.

பெயரிலும் இதே தொல்லை. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. மூன்றும் ஒருவரே என்று தில்லியில் இருப்பவருக்கோ பாரிஸில் இருப்பவருக்கோ தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் உள்ள வடிவத்தையே கடிதத்தின் கீழும் எழுதுங்கள். மாறுபாடு இருந்தால் ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

நம் பகுதிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ரெட்டிச்சாவடியில் வீடு, முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி, படிப்பதும் புதுச்சேரியில். பேச்சில் "நான் பாண்டி" என்று சொல்லிவிடுகிறோம். கடிதத்தில் "புதுச்சேரியைச் சேர்ந்த மாணவன்" என்று எழுதிவிட்டு, கடலூர் மாவட்ட இருப்பிடச் சான்றிதழை இணைத்தால், மாநிலம் பார்த்துத் தரும் உதவித்தொகையில் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பின்கோடை நம்பியும் முடிவு செய்யாதீர்கள். கோட்டக்குப்பத்தின் பின்கோடு புதுச்சேரியைப் போலவே 605 என்று தொடங்கும், ஊர் இருப்பது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில். "வசிப்பது தமிழ்நாடு, கடலூர் மாவட்டம், படிப்பது புதுச்சேரி" என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள்.

கோப்பைத் திறந்தால் புரியாத எழுத்து, அல்லது பாதிக் கடிதம்

தமிழ்க் கடிதத்தைக் கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். யூனிகோடில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், பிடிஎஃப் ஆக்கி, உங்கள் செல்போனிலும் இன்னொருவர் செல்போனிலும் திறந்து பாருங்கள்.

இணையப் படிவத்தின் பெட்டியில் ஒட்டும்போது அளவு மீறினால் சில தளங்கள் எச்சரிக்காமலே வெட்டிவிடும். ஒட்டியபின் கடைசி வாக்கியம் வரை இருக்கிறதா என்று பாருங்கள். அளவு சொல்லப்படாத இடத்தில் ஒரு ஏ4 பக்கம் போதும். கோப்பின் பெயர் உங்கள் பெயராக இருக்கட்டும்.

பரிந்துரைக் கடிதம் வேறு ஆளைப் பற்றிப் பேசுகிறது

ஆசிரியருக்கு நூறு பிள்ளைகள். உங்களைப் பற்றி நினைவில் இருப்பது "ஒழுக்கமான மாணவி" என்பது மட்டும்தான் என்றால் அதைத்தான் எழுதுவார். கடைசி நாளில் கையெழுத்துக்குப் போய் நிற்காமல், பத்து நாள் முன்னதாகவே உங்கள் கடிதத்தின் நகலைக் கொடுங்கள். "சார், கிணத்துத் தண்ணி சோதனை பத்தி எழுதியிருக்கேன், நீங்களும் அதைப் பத்தி நாலு வரி எழுதினா நல்லா இருக்கும்" என்று கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் இப்படிக் கேட்டால் மகிழ்ச்சியோடுதான் எழுதுவார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் கிடைக்கவில்லை

இது நடக்கும். இடம் குறைவு, தகுதியானவர்கள் அதிகம், அந்த ஆண்டு அவர்கள் வேறு துறைக்கு முன்னுரிமை கொடுத்திருக்கலாம். முடிவு வந்த வாரத்திலேயே மூன்று வரியில் நன்றி தெரிவித்து, எதை மேம்படுத்தலாம் என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். சில இடங்களில் பதில் வராது. வந்தால் அது அடுத்த கடிதத்துக்குப் பெரிய உதவி.

அதே கடிதத்தை அடுத்த ஆண்டு தேதி மாற்றி அனுப்பாதீர்கள். இந்த ஓராண்டில் நீங்கள் செய்து முடித்ததை முதல் பத்தியில் சேருங்கள். சோதனை முடிந்ததா, அரியர் தேறியதா, டியூஷன் பிள்ளைகள் எட்டிலிருந்து பன்னிரண்டு ஆனார்களா, அதை எழுதுங்கள். பழைய கடிதங்கள், சான்றிதழ்கள், அவற்றின் காலாவதித் தேதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய மாதத்தைச் செல்போன் நாட்காட்டியில் இன்றே குறித்துவிடுங்கள்.